கடிகாரம் இருந்த இடம்

கதை எழுதுகிறவனுக்கு வருகிற கடிதங்கள் மூன்று வகை. புகழ்ந்து வருகிற கடிதங்களை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டலாம். திட்டி வருகிற கடிதங்களைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்துவிட்டு, எழுதியவருக்கு ரசனை போதாது என்று சமாதானம் செய்துகொள்ளலாம். மூன்றாவது வகைதான் ஆபத்தானது. அதில் புகழும் இராது, வசவும் இராது. "நீர் எழுதியது தப்பு" என்று மட்டும் இருக்கும். தப்பு என்பதும் உண்மையாக இருக்கும்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். கதாநாயகன் விமானப்படை விமானி. நானோ கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். பௌதிகத்தில் வாங்கிய மார்க்கை இன்றுவரை என் பிள்ளைகளிடம் மறைத்து வருகிறேன். ஆனாலும் தொடர்கதை எழுதுகிறவனுக்குத் தைரியம் ஜாஸ்தி. பதினேழாவது அத்தியாயத்தில் நம் கதாநாயகன் கொட்டும் மழையில் தன் மிக்-21 போர்விமானத்தைத் தரையில் இறக்குகிறான். ஓடுபாதை வழுக்குகிறது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கால்களாலும் பிரேக்கை அழுத்துகிறான். விமானம் ஓடுபாதையின் விளிம்பில் வந்து நிற்கிறது. 'தொடரும்' போட்டுவிட்டு, நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று காபி குடிக்கப் போனேன்.

பத்து நாள் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. குண்டு குண்டான, ஒரே அளவான எழுத்துகள்.

"ஐயா, மிக்-21-இல் பிரேக் காலில் இல்லை. கையில் பிடிக்கிற ஸ்டிக்கில், சைக்கிள் பிரேக் போல ஒரு பிடி இருக்கும். அதை விரல்களால் அழுத்த வேண்டும். காலில் இருப்பது திசை திருப்புகிற பெடல். தங்கள் கதாநாயகன் இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டே இருந்தால் ஓடுபாதையைத் தாண்டி வயலுக்குள் போயிருப்பான். மற்றபடி கதை நன்றாக இருக்கிறது. என் மனைவி விடாமல் படிக்கிறாள்."

கீழே ஒரு தாம்பரம் விலாசம்.

இரண்டு நாள் அந்தக் கார்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மின்சார ரயிலேறித் தாம்பரத்துக்குப் போனேன்.

எழுபதைத் தாண்டிய மனிதர். நெடுநெடுவென்று, கஞ்சி போட்ட சட்டை மாதிரி நிமிர்ந்த உடம்பு. பதினெட்டு வயதில் விமானப்படையில் சேர்ந்து, பெங்களூருக்குப் பக்கத்தில் ஜாலஹள்ளியில் தொழில் கற்று, இருபது வருஷத்துக்குமேல் விமானத்தின் அளவுகருவிகளைப் பழுதுபார்த்தவர். வேகம், உயரம், திசை, எண்ணெய் இவற்றைக் காட்டுகிற முள்கள் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். என் உத்தியோகத்துக்கு நேர் எதிர் என்று சொல்லலாம்.

"கார்டு போட்டது தப்பா எடுத்துக்காதீங்க, தம்பி," என்றார்.

"தப்பை எடுத்துக்கொள்ளத்தான் ஐயா வந்தேன்," என்றேன்.

அவர் சிரித்தார். அவர் மனைவி காபியோடு வந்து, "அந்தப் பையன் பிழைச்சுப்பானா?" என்று கேட்டாள். பிழைத்துக்கொள்வான் என்று வாக்குக் கொடுத்தேன். அப்போதுதான் பெரியவர், "நாளைக்கு ஒரு இடத்துக்குப் போறேன். வறீங்களா? பிரேக் எங்கே இருக்குன்னு கையாலேயே தொட்டுப் பார்க்கலாம்," என்றார்.

அவர் அழைத்துப் போனது ஒரு பொறியியல் கல்லூரிக்கு. பறக்கும் ஆயுள் முடிந்த போர்விமானங்களைக் கல்வி நிலையங்களுக்கும் ஊர்களின் சதுக்கங்களுக்கும் விமானப்படை கொடுப்பதுண்டு. அப்படி வந்த ஒரு மிக்-21, கல்லூரி வாசலில் சிமெண்டுத் திண்ணையின்மேல் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

இந்த விமானத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ருஷ்யாவில் பிறந்த மிக்-21 நம் விமானப்படைக்கு 1963-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. பிறகு நாசிக்கிலுள்ள ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையில் இங்கேயே செய்தார்கள். வந்ததும் செய்ததும் சேர்த்து எண்ணூறுக்கு மேல். 1971 யுத்தத்தில் டிசம்பர் 14-ஆம் தேதி டாக்காவில் கவர்னர் மாளிகையைத் தாக்கியவை இந்த விமானங்கள். ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம். அந்த வேகத்துக்கு விலையும் உண்டு. 2012-இல் நாடாளுமன்றத்தில் அரசாங்கம் சொன்ன கணக்கு இது: 1971-72 முதல் அந்த வருஷம் ஏப்ரல் வரை, மிக் வரிசை விமானங்கள் 482 விபத்துக்குள்ளாயின, 171 விமானிகள் இறந்தார்கள். என் கதாநாயகன் மழையில் பல்லைக் கடித்த இடம் எப்படிப்பட்ட இடம் என்று இந்தக் கணக்கைப் படித்தபிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஏணி வைத்து ஏறி உள்ளே பார்த்தேன். விமானி உட்காருகிற அறையைக் 'காக்பிட்' என்கிறார்கள். அறை என்ன அறை! நம் வீட்டுப் பீரோவைச் சாய்த்துப் போட்டு அதற்குள் உட்கார்ந்தால் எப்படியோ, அப்படி. இடது கை எஞ்சின் விசையில், வலது கை ஸ்டிக்கில், கால்கள் பெடலில், மூக்குக்கு முன்னால் இருபது முப்பது கருவிகள். ஆனால் இங்கே கருவிகளில் பாதி இல்லை. அவை இருந்த வட்டமான ஓட்டைகள் மட்டும் இருந்தன. மாணவர்கள் ஞாபகார்த்தமாகக் கழற்றிக்கொண்டு போனவை சில. எப்படிப் போயின என்று தெரியாதவை பல. மீதியிருந்ததன்மேல் யாரோ புண்ணியவான், கல்லூரி கேட்டுக்கு வாங்கிய வெள்ளிப் பெயிண்டை மிச்சமாக்காமல் பூசியிருந்தான்.

கல்லூரி ஆண்டுவிழாவுக்கு ஒரு மந்திரி வருவதாக இருந்தது. அதற்குள் காக்பிட்டைச் 'சரிபண்ண' வேண்டும் என்பது பிரின்ஸிபாலின் விருப்பம். பெரியவர் சம்பளமில்லாமல் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். நாலு மாணவர்கள் ஒத்தாசைக்கு. ஐந்தாவதாக நான் ஒட்டிக்கொண்டேன். எனக்குக் கொடுத்த வேலை, திருகாணிகளைச் சோடாமூடி டப்பாக்களில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று சீட்டு எழுதுவது. எழுத்தாளன் என்பதற்கு அந்த மட்டில் மரியாதை.

பெரியவர் முதலில் தொட்டது கருவிகளை அல்ல, நாற்காலியை. போர்விமானத்தில் விமானியின் நாற்காலி லேசுப்பட்டதல்ல. ஆபத்து வந்தால் வெடிமருந்தின் பலத்தில் ஆளோடு மேலே பறந்துவிடும். அந்த மருந்து உள்ளேயே இருந்துவிட்டால், விளையாட்டாகப் பிடியை இழுக்கிற பையன் பிணமாகிவிடுவான். மருந்தெல்லாம் எடுத்தாயிற்று என்று காகிதம் இருந்தது. "காகிதம் சரி," என்றார் பெரியவர். மண்டியிட்டு, டார்ச் அடித்து, ஒவ்வோர் இடமாகத் தானே பார்த்தபிறகுதான் எங்களை உள்ளே விட்டார்.

அடுத்தது வெள்ளிப் பெயிண்டு. அதைச் சுரண்டக் கூடாது என்றார். பஞ்சைக் கரைப்பானில் நனைத்து, சாண் சாணாகத் துடைத்தோம். மேல்பூச்சு வழிந்து கீழேயுள்ள நிறம் தெரிந்தபோது பையன்கள், "என்ன சார் இது, புடவைக் கலர்!" என்று கத்தினார்கள். வெளுத்துப்போன மயில்கழுத்துப் புடவை என்றே சொல்லலாம். நீலமும் பச்சையும் கலந்த அந்த நிறம் ருஷ்யப் போர்விமானங்களின் அடையாளம். விமானியின் கண்ணும் மனமும் களைத்துப்போகாமல் இருக்கத் தேர்ந்தெடுத்தது என்பார்கள்.

வெள்ளிப் பெயிண்டு போகாத இடங்களில் மட்டும் புதிதாகப் பூச வேண்டியிருந்தது. எந்த நிறத்தில்? வெயில் பட்ட இடத்தில் ஒரு சாயல், எண்ணெய் பட்ட இடத்தில் ஒரு சாயல். பெரியவர் ஒரு பெயர்ப் பட்டையின் திருகாணிகளைக் கழற்றினார். அதன் அடியில், தொழிற்சாலையில் பூசிய அன்றிருந்தபடியே, தபால்தலை அளவு நிறம் இருந்தது. அந்தப் பட்டை இருந்த சிறு தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு பெயிண்டுக் கடைக்குப் போனோம். கம்ப்யூட்டரில் நிறம் கலந்து கொடுக்கும் கடை அது. கடைக்காரர், "வீட்டுக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா?" என்று கேட்டார்.

"உள்பக்கம்தான்," என்றார் பெரியவர். "ஆனா வீடு பறக்கும்."

எஞ்சின் விசைக்குப் பக்கத்தில், இடது முழங்கை படுகிற இடத்தில் பெயிண்டு தேய்ந்து உலோகம் பளபளத்தது. ஒரு மாணவன் தூரிகையோடு அங்கே போனான். பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இது எத்தனை பேர் கை பட்டுத் தேஞ்சது! ஒருத்தன் பயத்தோட உட்கார்ந்திருப்பான், ஒருத்தன் பாட்டுப் பாடிக்கிட்டு உட்கார்ந்திருப்பான். அத்தனை பேரையும் நீ ஒரு இழுப்புல அழிச்சுடுவியா?" என்றார். பையன் தூரிகையை டப்பாவில் வைத்தான்.

இன்னொரு மாணவனுக்கு வேறு ஆசை. பழைய கருவிகளின் எண்கள் இருட்டில் ஒளி வீசுமாமே, கண்ணாடியைத் திறந்து மறுபடி மருந்து பூசலாமா என்று கேட்டான். பெரியவருக்குக் கோபமே வந்துவிட்டது. பழைய விமானங்கள் பலவற்றில் அந்த ஒளிக்காக ரேடியம் கலந்த வர்ணம் பூசுவார்கள். ரேடியத்தின் கதிர் பட்டு அதனோடு கலந்த வேறொரு பொருள் ஒளிவிடும். சில பத்து வருஷங்களில் அந்தப் பொருள் களைத்துப்போய் ஒளி அணைந்துவிடும். எண்கள் பழுப்பாகிவிடும். ஆனால் ரேடியம் களைப்பதில்லை. அதன் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 வருஷம் ஆகும். வர்ணம் பொடியாகி மூச்சில் போனால் எலும்பில் போய்த் தங்கும். "எதில் இருக்கு, எதில் இல்லைன்னு கண்ணால் பார்த்தாத் தெரியாது. அதுக்குன்னு இருக்கிற கருவியால அளந்து பார்க்காம எந்த மூடியையும் திறக்காதே," என்றார். அணைந்த விளக்கிலும் நெருப்பு இருக்கும் என்று நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். எங்கேயாவது உபயோகப்படும்.

பெரிய சண்டை வந்தது ஓட்டைகளைப் பற்றி.

காணாமற்போன கருவிகளில் முக்கியமானது, விமானம் சாய்ந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்று மேகத்துக்குள்ளும் காட்டுகிற கருவி. நிர்வாகத்தார் பழைய இரும்புக் கடையில் ஒன்றை வாங்கிவந்தார்கள். வட்டம் சரியாகப் பொருந்தியது. வானம், பூமி, நடுவே சிறு விமானம், எல்லாம் இருந்தது. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பெரியவர் அதைக் கையில் வாங்கி ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது மேல்நாட்டு விமானத்துது. இதில் விமானி சாய்ந்தால் பொம்மை விமானம் அசையாது. பின்னால் இருக்கிற அடிவானக் கோடு சாயும். ருஷ்யக்காரன் கருவியில் அடிவானம் சாயாது. பொம்மை விமானம்தான் சாயும். ஒண்ணுக்கு ஒண்ணு தலைகீழ். ஒன்றில் பழகினவன் மேகத்துக்குள்ளே இன்னொண்ணைப் பார்த்தா, இடது எது வலது எதுன்னு ஒரு நிமிஷம் தடுமாறுவான். அவனுக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைக்காது."

"ஐயா, இது இனிமேல் பறக்கப்போவதில்லையே," என்றார் பிரின்ஸிபால், பொறுமையாக. "மந்திரி அரை நிமிஷம் எட்டிப் பார்ப்பார். ஓட்டை ஓட்டையாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? நாலு சின்ன விளக்குப் போட்டு மினுக்கினால் போதும்."

எனக்குப் பிரின்ஸிபால் சொன்னதில் தப்புத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் என் கட்சி. தெரியாத இடத்தில் எதையாவது வைத்து மினுக்குவதுதான் இருபது வருஷமாக என் தொழில். பிரேக்கைக் காலில் வைத்ததும் அப்படித்தான்.

பெரியவர் வாதாடவில்லை. "நீங்க சொல்றபடி செய்யணும்னா வேறே ஆள் வச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு, ஏணியிலிருந்து இறங்கி, வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். பையன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்சநேரம் கழித்து அவராகச் சொன்னார்.

இந்தக் காக்பிட்டில் முன்பலகையின் நடுவே, மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு உண்டு. நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். விமானம் சில சமயம் பிடி தவறிப் பம்பரம்போல் சுழன்றுகொண்டு விழும். அப்போது விமானிக்குத் தலை சுற்றும். ஸ்டிக் நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்று கைக்குத் தெரியாது. ஓரத்தில் இருந்தால் சுழற்சி நிற்காது. ஆகவே பார், வெள்ளைக் கோடு தெரிகிறது; ஸ்டிக்கை அதற்கு நேரே கொண்டுபோய்த் தள்ளு. அவ்வளவுதான். விலையில்லாத ஒரு கோடு. வெள்ளிப் பெயிண்டு பூசியவன் அதையும் சேர்த்து மறைத்திருந்தான்.

"வடக்கே ஒரு தளத்திலே இருந்தேன். அப்போ எனக்குக் கல்யாணம் ஆன புதுசு," என்றார். "ஒரு விமானத்துக்குப் பலகையைக் கழற்றி மாட்டினோம். கோடு அங்கங்கே உரிஞ்சிருந்தது. நான்தான் மேலே பூசினேன். அடிக்கோல் வச்சுத்தான் பூசினேன். நூல் பிடிச்சுப் பார்த்தேனா? பார்த்ததாத்தான் ஞாபகம். நாலு மாசம் கழிச்சு அந்த விமானம் போச்சு. பையனும் போய்ட்டான். இருபத்துமூணு வயசு. காலையிலே அவனுக்கு பெல்ட் மாட்ட ஒத்தாசை பண்ணினவன் நான்."

நான் ஒன்றும் பேசவில்லை.

"விசாரணை நடந்தது. எஞ்சின்லே பறவை போயிடுச்சுன்னு முடிவு. சுழலவே இல்லை, நேராத்தான் விழுந்தது, கோட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் ராத்திரி முழிப்பு வந்தா, நூல் பிடிச்சேனா இல்லையான்னு யோசிச்சுக்கிட்டிருப்பேன். நாற்பது வருஷத்துக்கு மேலே ஆச்சு."

வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் பிரின்ஸிபால் ஏணியின் கீழே நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து போய் அவரிடம் இதைச் சொல்லவில்லை. அது எனக்குச் சொல்லப்பட்டது. அதற்குப் பதிலாக, நான் படித்திருந்த ஒரு விஷயத்தைச் சொன்னேன். இரண்டாம் உலக யுத்தத்தில், 1942-இல், இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் ஒன்று நார்வேயில் அடிபட்டு, உறைந்த ஏரியின்மேல் இறங்கி, பிறகு பனி உருகி மூழ்கிப் போயிற்று. 1973-இல் அதை வெளியே எடுத்தார்கள். லண்டனில் ஹென்டன் விமானப்படைப் பொருட்காட்சியகத்தில் அது இருக்கிறது. புதிதாக்கவில்லை; ஏரியிலிருந்து வந்த கோலத்தில் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்திலேயே நியூவார்க் என்ற ஊரின் பொருட்காட்சியகத்தில், பழைய விமானங்களின் காக்பிட்டை மட்டும் வாங்கி வீட்டுக் கொட்டகையில் வைத்துச் சீர்செய்கிறவர்கள் கூடும் விழா நடந்திருக்கிறது. ஒரு சுவிட்சு சரியான வகையாகக் கிடைக்க வருஷக்கணக்கில் தேடுகிற மனிதர்கள். உங்கள் கல்லூரியில் படிக்கிறவர்கள் நாளைக்கு விமானம் செய்யப்போகிறவர்கள். இல்லாததை இருப்பதுபோல் காட்ட அவர்களுக்கு நாமே சொல்லிக்கொடுக்கலாமா?

கடைசி வாக்கியம் கொஞ்சம் மேடைப் பேச்சாகப் போய்விட்டது. ஆனால் பிரின்ஸிபால் நல்ல மனிதர். யோசித்துவிட்டு, "ஓட்டைக்கு மூடியாவது போடலாமா?" என்று கேட்டார். போடலாம் என்றார் பெரியவர். தகட்டில் வட்டமாக வெட்டி, அதே நிறம் பூசி, 'இங்கே சாய்வு காட்டும் கருவி இருந்தது. இப்போது இல்லை' என்று எழுதலாம். வாசகத்தை எழுதும் கௌரவம் எனக்குக் கிடைத்தது. என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறிய கதைகள் அவை. பதினோரு கதைகள். ஒன்றில்கூடப் பொய் கிடையாது.

பன்னிரண்டாவதாக எழுதவிருந்தது கடிகாரம். ருஷ்ய விமானங்களின் கடிகாரம் ரொம்பப் பிரசித்தம். சாவி கொடுத்து ஓடுவது. பெரிய முகத்துக்குள் இரண்டு சின்ன முகங்கள். ஒன்று விமானம் கிளம்பி எவ்வளவு நேரமாயிற்று என்று காட்டும், மற்றது விநாடி கணக்கிடும். கைக்கு அடக்கமாக, அழகாக இருப்பதால் எந்தப் பழைய விமானத்திலும் முதலில் மாயமாகிற சாமான் அதுதான். சீட்டு எழுதப் பேனாவை எடுத்தேன். இரவுக் காவல்காரர் பின்னாலிருந்து தயங்கித் தயங்கி, "ஐயா, அந்தக் கடிகாரம்..." என்றார்.

"என்னப்பா?"

"எங்க வீட்டிலே இருக்குங்க."

எல்லோரும் திரும்பினோம். மனிதர் நடுங்கிப்போனார். "திருடலைங்க ஐயா. பசங்க ஒவ்வொண்ணாக் கழட்டறதைப் பார்த்தேன். இதாவது நிக்கட்டுமேன்னு எடுத்து வச்சேன். யார்கிட்டே கொடுக்கறதுன்னு தெரியலை. தினம் டூட்டிக்கு வரும்போது சாவி கொடுத்துட்டுத்தான் வருவேன். ஓடுதுங்க."

மறுநாள் மாலை அவர் அதை ஒரு பழைய துண்டில் சுற்றி எடுத்துவந்தார். பெரியவர் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு ஒவ்வொருவர் காதிலும் வைத்தார். கடைசியில் காவல்காரரிடமே கொடுத்து, "நீயே மாட்டுப்பா," என்றார். அவர் ஏணியில் ஏறி, செருப்பைக் கீழே கழற்றிவிட்டு, கடிகாரத்தை அதன் இடத்தில் வைத்தார். திருகாணியைப் பெரியவர் முடுக்கினார்.

வெள்ளைக் கோட்டை மட்டும் அவர் யாரையும் தொடவிடவில்லை. விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், நூலில் ஈயக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, அளந்து, பென்சிலால் குறித்து, மறுபடி அளந்தார். மூன்றாம்முறை அளக்கும்போது நூலின் மறுமுனையை என்னிடம் கொடுத்து, "சரியா இருக்கா, நீங்க பார்த்துச் சொல்லுங்க," என்றார். நான் குனிந்து பார்த்தேன். "சரியாக இருக்கிறது, ஐயா," என்றேன். "நல்லாப் பார்த்தீங்களா?" "பார்த்தேன்." அதன்பிறகுதான் தூரிகையைத் தொட்டார். எழுபது வயதுக்கு மேற்பட்ட கை. பூசி முடிக்கும்வரை நடுங்கவில்லை.

மந்திரி வந்தார். பிரின்ஸிபால் சொன்னபடி அரை நிமிஷம் எட்டிப் பார்த்தார். கைதட்டினார்கள். ஓட்டைகளைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. கூட்டம் கலைந்தபிறகு, யாரோ ஊழியருடைய பெண் குழந்தை, பத்து வயதிருக்கும், ஏணியில் நின்றுகொண்டு ஒவ்வொரு மூடியாகப் படித்துவிட்டு, "தாத்தா, இந்த வெள்ளைக் கோடு எதுக்கு? இதுக்கு மட்டும் எழுதலையே?" என்று கேட்டாள். பெரியவர் ஏணியின் அடியில் நின்றபடியே அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். நான் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று புறப்பட்டுவிட்டேன்.

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். அறுபத்திரண்டு வருஷ ஊழியம் அன்றோடு முடிந்தது. டெலிவிஷனில் பார்த்தவுடன் பெரியவருக்குப் போன் செய்தேன். அவர் மனைவிதான் எடுத்தாள். "காலையிலேயே காலேஜுக்குப் போயிட்டார். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கணுமாம். ஏன், அந்தக் காவல்காரன் கொடுக்கமாட்டானா?" என்றாள்.

அதற்குள் என் தொடர்கதை புத்தகமாக வந்துவிட்டது. பிரேக்கைக் காலிலிருந்து கைக்கு மாற்றியிருந்தேன். இன்னோர் அத்தியாயத்தில் விமானம் சுழன்று விழுகிற காட்சி ஒன்று இருந்தது. அந்த நேரத்தில் விமானியின் மனத்தில் என்னென்ன ஓடிற்று என்று முன்பு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன்: அம்மா முகம், மாமரம், கதாநாயகியின் வளையல் சத்தம். படித்தவர்கள் பாராட்டிய பகுதி. அதை எடுத்துவிட்டேன். அவன் வெள்ளைக் கோட்டைப் பார்த்தான் என்பதோடு நிறுத்தி, இரண்டு வரி இடம் விட்டு, அடுத்த பாராவை ஆரம்பித்திருந்தேன்.

அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர் அந்த இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, 'ஏதோ விட்டுப்போயிருக்கிறது போலிருக்கிறதே?' என்று எழுதியனுப்பினார்.

'ஆமாம், எனக்குத் தெரியாத இடம். அப்படியே இருக்கட்டும்' என்று பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன்.